வாழ்வின் பொருளும் வழிபாடும்: ஒரகடம் வட்டாரத்து இளந்தொழிலாளர்க்கு ஒரு திறந்த மடல்



இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீண்டு கிடக்கும் இந்தத் தொழில் வட்டாரத்தில், ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்த வயல்கள் இருந்த இடங்களில் இன்று எழுந்து நிற்கும் ஆலைகளுக்குள்ளே, மோட்டார் வண்டிகளையும் கைப்பேசிகளையும் டயர்களையும் கண்ணாடிப் பலகைகளையும் இரவு பகல் பாராது செய்து உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் இளைஞர்களும் யுவதிகளுமாகிய உங்களுக்கு, இவ்வட்டாரத்திலேயே முதுமை எய்திவிட்ட ஒருவன் எழுதும் மடல் இது. உங்களுக்குப் புத்தி சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. உங்களுள் பலர் பல சந்தர்ப்பங்களில் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி சொல்லும் விடை போதாது என்று பட்டதால், உட்கார்ந்து எழுதத் துணிந்தேன்.

மதம் மனிதனுடைய வாழ்வுக்கு ஓர் அர்த்தத்தையும் நோக்கத்தையும் உண்மையிலேயே தருகிறதா, அல்லது தருவதுபோல் தோன்றச் செய்து அவனை ஆற்றி மட்டும் வைக்கிறதா என்பதே அக்கேள்வி. வார விடுமுறையன்று வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தால் அடுத்த ஆறு நாட்களைத் தாங்க முடிகிறது என்று சொன்னவர்கள் உங்களுள் உண்டு. வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில்தான் தங்களை ஒருவர் பெயர் சொல்லி விசாரிப்பதாகச் சொன்னவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஷிப்ட் இடம் கொடாத வருத்தத்தைச் சொன்னவர்களும், சிவப்பு உடை அணிந்து மேல்மருவத்தூர் சென்று தம் கையாலேயே பூஜை செய்து வந்த பெருமையைச் சொன்னவர்களும் உண்டு. பெரியாருடைய எழுத்தைப் படித்துத் தெளிந்தபின் இவை யாவும் வீண் என்று கண்டுகொண்டதாக நேர்மையோடு சொன்னவர்களும் உண்டு. இவர்களுள் எவரையும் அறியாதவர் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் என் அபிப்பிராயத்தை மறைத்துக்கொண்டு மத்தியஸ்தம் செய்வதும் முறையாகாது. ஒருவனுடைய உழைப்பைக் கண்ணெடுத்துப் பார்க்கும் ஒரு சபையை மதம் எங்கே உண்டாக்கியதோ அங்கே அது அவன் வாழ்வுக்கு அர்த்தம் தந்தது. பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பாராமற்போன இடத்தில், எத்துணை உயர்ந்த தத்துவத்தைப் பேசியபோதிலும், அது தரவில்லை. இதுவே நான் கண்ட முடிவு. அதற்கு நான் வந்து சேர்ந்த வழியை உங்களோடு ஒருமுறை நடந்து பார்க்க விரும்புகிறேன்.

உங்கள் பெற்றோரில் பலர் செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களிலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிச் சீமைகளிலும் நிலத்தில் உழைத்தவர்கள். அவர்கள் உழைப்பு உங்களுடையதைவிட இனியது என்று நான் சொல்லத் துணியேன். கூலி அற்பமாயும், கடன் அதிகமாயும், அவமானம் அதனினும் அதிகமாயும் இருந்த காலம் அது. எனினும், ஆடியில் விதைத்ததைத் தையில் அறுத்து, அந்தப் புத்தரிசியைப் பொங்கிச் சூரியனுக்குக் காட்டிய பின் உண்ணும் ஒரு முழுமை அவ்வாழ்வில் இருந்தது. வேலையைத் தொடங்கிய கையே அதன் முடிவையும் தொட்டது. நீங்களோ ஒரு வண்டியின் ஆயிரக்கணக்கான உறுப்புகளுள் ஒன்றை அதன் இடத்தில் பொருத்துகிறீர்கள். பொருத்தி நிமிருமுன் அடுத்த வண்டி வந்து நிற்கிறது. பொருத்தப்பட்டது எந்த ஊரில், எவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பதை நீங்கள் அறிவதில்லை, அதை ஓட்டுபவரும் உங்களை அறிவதில்லை. லைன் நிற்பதில்லை, டார்கெட் குறைவதில்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரம் மாறி வாரம் வேளை மாறுவதால் பசிக்கும் உறக்கத்துக்கும்கூட நிலையான நேரம் இல்லாமற்போகிறது. ஊரெல்லாம் விழித்திருக்கும் பண்டிகையன்று நீங்கள் ஜன்னலை மூடிக்கொண்டு உறங்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, டிரெய்னி என்றும் அப்ரெண்டிஸ் என்றும் காண்ட்ராக்ட் என்றும் உங்களுள் பலர் அழைக்கப்படும் பெயர்களே, இன்றிருந்து நாளை இல்லாமற்போகக்கூடியவர்கள் என்பதை நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஜீவிதத்தில் இருப்பவர்கள், எதற்காக இந்த உழைப்பு என்று கேட்பதைத் தத்துவ விளையாட்டு என்று எவரும் எண்ணலாகாது.

இந்த அனுபவத்தைப் புறத்தே நின்று வர்ணித்தவர் பலர்; உள்ளே புகுந்து, தம் உடம்பாலேயே சோதித்து எழுதியவர் வெகு சிலர். பிரெஞ்சு தேசத்துச் சிமோன் வெய்ல் என்னும் பெண்மணி அவர்களுள் ஒருவர். தத்துவம் போதிக்கும் ஆசிரியையாக இருந்த அவர், தம் 25ஆம் வயதில், 1934 டிசம்பரில், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸ் நகரத்து ஆலைகளில் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1935 கோடையில் அவர் மில்லிங் இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்தது ரெனோ நிறுவனத்தின் ஆலையில். 2010 முதல் ஒரகடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் வாயிலாக உங்களுக்குப் பழக்கமான பெயர்தான் அது. துண்டுக் கணக்கில் கூலி பெறும் வேலையில் களைப்பைவிடக் கொடியது ஒன்று உண்டு என்று அவர் கண்டார்: சிந்தித்தால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் கூலி குறைகிறது, ஆதலால் சிந்திப்பதையே மனம் தானாக விட்டுவிடுகிறது. சமயப் பற்றில்லாத குடும்பத்தில் பிறந்து, தொழிலாளர் இயக்கங்களில் ஈடுபட்டு, மதத்தின்பால் நாட்டமின்றி வளர்ந்த அவருக்கு, ஆலையை விட்டு வெளிவந்த அதே வருஷம் போர்ச்சுகல் நாட்டு மீனவச் சிற்றூர் ஒன்றில், மீனவப் பெண்கள் கையில் மெழுகுவர்த்தி ஏந்திப் பழம்பாடல்களைப் பாடிக்கொண்டு படகுகளைச் சுற்றி வலம் வந்ததைப் பார்த்தபோது, உள்ளத்தில் ஓர் ஆழ்ந்த மாற்றம் நேர்ந்தது. அடிமைப்பட்டவர்களுக்கென்றே உள்ள மதம் இது, தாமும் அவர்களுள் ஒருத்தி என்று அவருக்குத் தோன்றியதாம். தொழிலாளிக்கு உணவைக் காட்டிலும் அதிகமாகத் தேவைப்படுவது அவன் நாட்களுக்குள்ளே ஓர் அழகு, ஓர் ஒளி என்றும், அதற்கு ஊற்றாக இருக்கக்கூடியது சமயம் ஒன்றே என்றும் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

அந்த அம்மையாரிடத்தில் எனக்குள்ள மரியாதை சிறிதன்று. எனினும் அவர் கூற்றில் ஒன்றை நான் ஏற்கத் தயங்குகிறேன். அழகும் ஒளியும் தனியே வந்து ஒருவனை நிரப்பிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்த வேலையைக் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடமும், அதைப் பார்த்து மகிழ ஒரு கண்ணும் வேண்டும். இதை நான் கற்றது ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவருடைய சரித்திரத்திலிருந்து.

ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் முன்னே கம்பெனி பஸ்கள் கடந்து போகும்போது, உள்ளே எழுந்தருளியிருப்பவர் 1017ஆம் ஆண்டில் இவ்வூரில் அவதரித்ததாக வைணவர் போற்றும் இராமானுசர் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு விழா ஆரவாரமாகக் கொண்டாடப்பட்டது. அவரைப் பற்றி எல்லாரும் சொல்வது திருக்கோட்டியூர்க் கோபுரத்தைத்தான்: பதினெட்டு முறை நடையாய் நடந்து ஆசாரியரிடம் பெற்ற ரகசிய மந்திரத்தை, தமக்கு நரகமே கிடைப்பதானாலும் பிறருக்கு நற்கதி கிடைக்கட்டும் என்று எண்ணி, கூட்டத்தை அழைத்து உரக்கச் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. அது மகத்தான கதை, சந்தேகமில்லை. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அவர் சரித்திரத்தில் அதனினும் நெருக்கமான வேறொரு சம்பவம் உண்டு. அதை மேடைகளில் அதிகம் கேட்கக் கிடைப்பதில்லை.

திருவரங்கத்தில் பெருமாளுடைய வஸ்திரங்களை வெளுக்கும் தொழிலாளி ஒருவர், ஒருநாள் மிக நேர்த்தியாக வெளுத்து உலர்த்திய ஆடைகளைக் கொண்டுவந்து இராமானுசரிடம் காட்டினாராம். மடத்தின் தலைவரும், கோயில் நிர்வாகம் முழுவதையும் தோளில் சுமந்தவருமாகிய அவர், நன்று என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் அதுவே போதும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அவரோ அந்த வெளுப்பின் நேர்த்தியில் மகிழ்ந்து, வெளுத்தவரையும் உடன் அழைத்துக்கொண்டு பெருமாள் சந்நிதிக்கே சென்று, இவர் செய்த வேலையைக் கடாட்சித்தருள வேண்டும் என்று காட்டி நின்றார். பெருமாளும் உகந்து, கிருஷ்ணாவதாரத்தில் ஆடை கொடுக்க மறுத்த வண்ணானின் பழைய குற்றத்தை இவர் பொருட்டு மன்னித்ததாக அருளினார் என்று முடிகிறது அந்தக் கதை. நடந்ததா என்று கேட்டு இதனோடு வழக்காட வேண்டியதில்லை. இப்படியொரு செய்தியைப் பேணி வைத்துக்கொண்ட சமூகம் எதை மேன்மை என்று எண்ணியது என்பதைப் பாருங்கள். அழுக்கெடுத்துத் தந்த ஒருவரின் கைவேலை, உலகுக்கெல்லாம் முதல்வன் என்று நம்பப்படுபவனின் கண்முன்னே, அதைச் செய்தவருடனேயே கொண்டு நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து அவர் வெளுத்த ஒவ்வொரு ஆடையும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இது ஒரு தனிச் சம்பவமும் அன்று. திருவரங்கக் கோயிலின் பழைய வரலாறு கூறும் கோயிலொழுகு என்னும் நூல், அதற்குமுன் ஐந்தாக இருந்த பணியாளர் கொத்துகளை இராமானுசர் பத்தாக விரித்து, இன்னார்க்கு இன்ன வேலை, இன்ன மரியாதை என்று வகுத்தார் என்கிறது. அவரே இளமையில் காஞ்சிபுரத்தில் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நீர் சுமந்து வரதராசருக்குக் கொடுத்து வந்தவர். அதைச் செய்யும்படி வழிகாட்டியவர், நம் பக்கத்துப் பூவிருந்தவல்லியில் பிறந்து, அந்தணரல்லாத குலத்தவராய் இருந்தும், வரதராசருக்கு ஆலவட்டம் வீசிப் பணிசெய்த திருக்கச்சி நம்பிகள். நீர் சுமப்பதும், விசிறி வீசுவதும், பூத்தொடுப்பதும் நாளுக்கு நாள் மாறாத, ஒரேவிதமான வேலைகளே. உங்கள் லைனில் செய்வதைவிட அவற்றில் வித்தை அதிகம் என்று சொல்ல முடியாது. நாள்தோறும் அதே குடம், அதே கிணறு, அதே வழி. அலுப்பூட்டும் வேலையே அர்த்தத்தைக் கொன்றுவிடுகிறது என்பது உண்மையானால் இவர்களுடைய வாழ்வு வறண்டு போயிருக்க வேண்டும். அது வறளாமைக்குக் காரணம், தாம் யாருக்காகச் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததும், யார் செய்தார் என்பது சபைக்குத் தெரிந்திருந்ததுமே.

இங்கே உங்களுள் விழிப்புள்ள ஒருவர் கையை உயர்த்தித் தடை எழுப்புவார் என்று எனக்குத் தெரியும். 'ஐயா, இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே எங்களை உழைக்க வைத்தார்கள்? வேலையைப் பூஜை என்று நினை, கூலியைக் கேட்காதே என்பதுதானே இதன் சாரம்? சமயத்தை அபினி என்று சொன்ன மேனாட்டு அறிஞர் பொய்யா சொன்னார்?' என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான தடை. அதற்கு வாதத்தால் விடை சொல்வதைவிட, நம் சென்னப் பட்டணத்தில் நடந்த ஒரு வரலாற்றால் விடை சொல்வது நலம்.

முதல் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில், பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பெரிய பஞ்சாலைகளின் அருகே, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் இரு வியாபாரிகள் கடை வைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் அங்கே வந்து தங்கள் கஷ்டங்களைச் சொல்வது வழக்கம். சாப்பிடக்கூடப் போதிய இடைவேளை இல்லை, மேலாளர்களின் வசவும் அடியும் தாங்கவில்லை என்பவையெல்லாம் அந்தக் கடைவாசலில் சொல்லப்பட்டன. அவ்விருவரும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்த சபையையும் நடத்தி வந்தார்கள். பெயரே சொல்லும், அது பகவத் குணங்களைக் கேட்டு இன்புறும் சபை. அங்கே வந்து சமயச் சொற்பொழிவு செய்தவர்களுள் ஒருவர் திரு.வி.கல்யாணசுந்தர முதலியார். அவர் பிறந்த துள்ளம் என்னும் சிற்றூர் இங்கிருந்து வெகு தூரமில்லை. தமிழ் வகுப்பு நடத்தியும், பெரிய புராணத்துக்குக் குறிப்புரை எழுதியும் வந்த அந்தச் சிவநெறிச் செல்வர், பக்தி கேட்க வந்த தொழிலாளர்களிடம் பேசப் பேச, அவர்கள் துயரும் அவர் பேச்சினுள் புகுந்தது. பின்னர் அவ்விரு வியாபாரிகளும் பி.பி. வாடியாவைச் சென்று கண்டு அழைத்து வந்தார்கள். அவர் பார்ஸி வகுப்பினர், அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரம்ம ஞான சங்கத்தைச் சேர்ந்தவர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். ஒழுங்கான அமைப்போடு இந்தியாவில் தோன்றிய முதல் தொழிற்சங்கம் என்று அதனைச் சரித்திரக்காரர்கள் குறிக்கிறார்கள்.

வேங்கடேசனின் குணங்களைக் கேட்கக் கூடிய கூட்டம், தன்னோடு கூடி உட்கார்ந்திருப்பவனின் பசியையும் கேட்கத் தொடங்கியது. அதனின்றும் சங்கம் பிறந்தது. சபை அவர்களை உறங்கச் செய்யவில்லை. ஒருவரையொருவர் அறிந்துகொள்ள ஓர் இடமில்லாமல் ஆலைக்கும் குடிசைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது இடம் கொடுத்தது. தாங்கள் கேட்கத் தகுந்தவர்கள் என்ற எண்ணத்தையும் கொடுத்தது. சமயம் அபினியாக ஆவதும் ஆகாமற்போவதும், சபைக்குள் என்ன பேச அனுமதி உண்டு என்பதைப் பொறுத்தது என்றே நான் நினைக்கிறேன். திரு.வி.க.வைப் படியுங்கள் என்று உங்களுக்கு நான் அடிக்கடி சொல்வதன் காரணம் இதுதான். முருகனையும் தொழிலாளியையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள அவருக்கு இடநெருக்கடி ஏற்பட்டதே இல்லை.

ஆனால் இந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தையும் புரட்டாமல் விடுவது சத்தியத்துக்கு விரோதம். மூன்றே வருஷங்களுக்குப் பின், 1921இல், அதே ஆலைகளில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. சாதி இந்துக்களுக்கும் அவர்களுக்கும் இடையே பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸார் சுட்டதில் உயிர்கள் போயின. ஒரே தறிக்கூடத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் குடியிருப்பில் பகைவர்களாய்ப் போனார்கள். ஒருவருக்கொருவர் சகோதரர் என்று சபைகளில் கேட்டது, தெருவின் முனையில் நின்றுவிட்டது. இராமானுசருடைய வழியில் வந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். மேல்கோட்டையில் தீண்டத்தகாதவர் எனப்பட்டோரைத் திருக்குலத்தார் என்று அவர் போற்றியதாகச் சொல்லப்படும் சரித்திரத்திலேயே, அவர்களுக்குக் கோயில் திறந்திருந்தது வருஷத்தில் சில நாட்கள்தாம். சென்னை மாகாணத்தில் எல்லார்க்கும் கோயிற்கதவு திறக்கச் சட்டம் 1947இல்தான் வந்தது. இன்றைக்கும், ஒரே லைனில் ஒரே சீருடை அணிந்து நிற்கும் இருவர், சுற்றுக் கிராமங்களில் அறை வாடகைக்குக் கேட்கப் போகும்போது, என்ன ஆளுங்க என்ற விசாரணைக்கு வெவ்வேறு விடை சொல்ல வேண்டியிருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள்ளே விளக்கேற்றுகிறவரின் பக்தியில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எவ்வளவு நெய் ஊற்றினாலும் வரவில்லை.

இந்த அநீதியைக் கண்டு மதத்தையே விட்டுவிட்டவர்கள் உங்களுள் இருப்பதாகச் சொன்னேன். அவர்களுக்கும் இந்த மடலில் சரிபங்கு உண்டு. இளமையில் பௌத்தத்தில் ஈடுபட்டு, பின்னர் பொதுவுடைமையையும் விஞ்ஞானத்தையும் தம் நெறியாகக் கொண்ட ம. சிங்காரவேலர், 1923இல் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். தாம் வாழ்ந்த நெடிய வாழ்வுக்கு நோக்கம் போதவில்லை என்று அவர் குறைப்பட்டதில்லை. பெரியார், 94 வயது வரையில், மூத்திரப் பையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். கடவுள் இல்லை என்று சொன்ன அம்மனிதருக்கு, மனிதனுடைய மானம் என்னும் ஒன்று உயிரினும் பெரிதாய் இருந்தது. தெய்வ நம்பிக்கை இன்றி வாழ்வுக்கு அர்த்தம் இல்லை என்று உபதேசிப்பவர்கள், இவ்விருவரையும் கண்ணால் பார்க்க மறுக்கிறார்கள். இவர்களுக்கும் ஒரு சபை இருந்தது. தம் வேலையைக் கொண்டுபோய்க் காட்ட எதிர்கால மனித சமுதாயம் என்று ஒன்று இருந்தது. நான் ஆஸ்திகன்; ஆயினும் இவர்கள் கண்ட அர்த்தம் போலி என்று சொல்ல என் ஆஸ்திகம் எனக்கு இடம் தரவில்லை.

நம் ஆலைகளில் ஆண்டுதோறும் நடக்கும் ஆயுத பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று ஓயாது சுழலும் இயந்திரம் ஓய்கிறது; தரையெல்லாம் கழுவிவிட்டு, ஸ்பானரிலிருந்து ரோபோவின் கைவரையில் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் பகிர்ந்துகொள்கிறீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களும், தங்கள் ஊரில் செப்டம்பர் 17ஆம் நாள் செய்யும் விசுவகர்மா பூஜையை நினைத்துக்கொண்டு, அதே பாவனையோடு அந்த வரிசையில் நிற்கிறார்கள். கருவியைத் தொழும் இந்த மரபை மூடப்பழக்கம் என்று நகைப்பவர்களோடு நான் சேரமாட்டேன். கருவியைத் தொழும்போது அதைப் பிடித்த கையும் தொழப்படுகிறது. அவ்விடத்தில்தான் என் கவலையும் இருக்கிறது. இயந்திரத்துக்கு மாலை விழுகிறது, நிர்வாகத்தார் வந்து தேங்காய் உடைக்கிறார்கள், நாமெல்லாரும் ஒரே குடும்பம் என்று பேசுகிறார்கள், இனிப்புப் பெட்டி கைக்குக் கை போகிறது. அன்று மாலையே, அந்தக் குடும்பத்தில் யார் நிரந்தரம், யார் காண்ட்ராக்ட் என்ற பேதம் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. உங்கள் உழைப்பின் அர்த்தம் இன்னது என்று உங்களுக்குச் சொல்பவர், அந்த அர்த்தத்தை நீங்கள் நம்புவதால் லாபம் அடைபவராயிருந்தால், அதைச் சற்று நிறுத்தி, நிறுத்துப் பாருங்கள். ஸ்தாபனத்தின்மீது விசுவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாழ்வின் முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றி வைக்காதீர்கள் என்கிறேன். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் திறக்கப்பட்டு, பல ஆயிரம் இளம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் முதல் சம்பளத்தைக் கொடுத்த நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1ஆம் நாள் மூடப்பட்டது. 'கம்பெனிதான் எங்கள் உலகம்' என்று இருந்தவர்களுக்கு அந்த உலகம் எட்டு ஆண்டுகளில் முடிந்துபோயிற்று.

2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகித் தோழியர் பலர் மருத்துவமனையில் கிடந்தபோது, உங்களைப் போன்ற யுவதிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்து அவர்கள் கேட்டது, தங்கள் சங்கம் தங்கள் பெயரால் பதிவு பெற வேண்டும் என்பதை; அது 2025 ஜனவரியில் பதிவாயிற்று. இவற்றைச் சட்டம், ஒழுங்கு என்னும் தலைப்பின் கீழ் மட்டும் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கோ, வஸ்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இராமானுசர் முன் நின்றவரின் வேண்டுகோள் இந்த இரண்டிலும் கேட்டது: எங்களைப் பாருங்கள், இதைச் செய்தவர்கள் நாங்கள். சாலையில் அமர்ந்த அந்தப் பெண்களுள் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும், ஒன்றும் நம்பாதவர்களும் இருந்திருப்பார்கள். அந்த இரவில் அவர்களுக்குள் இருந்த ஐக்கியத்தை ஆன்மிகம் என்று அழைக்க நான் கூசமாட்டேன்.

ஆகையால் உங்களிடம் என் விண்ணப்பம் பெரிதொன்றும் அன்று. கோயிலுக்குப் போகிறவர்கள் போங்கள். தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் போங்கள். கிருத்திகைதோறும் வல்லக்கோட்டைக்கும், பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கும் நடக்கிறவர்கள் அதை எவருக்கும் அஞ்சி விட்டுவிடவேண்டாம். ஆனால் வேண்டுதலைச் செலுத்திவிட்டுத் தனியே திரும்பிவிடாதீர்கள். கூட வந்தவர் யார், எந்த ஊர், எந்த லைனில் நிற்கிறார், தங்கைக்குப் படிப்புக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு திரும்புங்கள். எதையும் நம்பாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு நூலையேனும் நடுவில் வைத்துக்கொண்டு கூடுங்கள். பாஷை தெரியாமல் அறையின் மூலையில் கைப்பேசியோடு இருக்கும் அஸ்ஸாமியரையும் பீஹாரியரையும் அழையுங்கள். பீஹாரியர் சத் பூஜைக்கு ஏரிக்கரையைத் தேடும்போது, எந்தக் கரை சுத்தமானது என்று காட்டிக்கொடுங்கள்.

இதற்கெல்லாம் இடம் எங்கே என்று கேட்பீர்கள். இந்த மடலை எழுத அதுவும் ஒரு காரணம். 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் வல்லம் வடகாலில், 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டிய, 18,720 பேர் தங்கத்தக்க விடுதி திறந்துவைக்கப்பட்டது. இன்னும் பல விடுதிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. கட்டில், குளியலறை, உணவுக்கூடம், காவல் இவற்றைப் பற்றியெல்லாம் விவாதம் நடக்கிறது, நடக்கட்டும், வேண்டியவையே. இவற்றோடு, பெரியதோ சிறியதோ, ஒவ்வொரு விடுதியிலும் நிர்வாகத்தின் பிடிக்கு அப்பாற்பட்ட ஒரு கூடம் வேண்டும் என்று நீங்கள் கேட்க வேண்டும். எந்த மதத்துக்கும் தனியுரிமை இல்லாத கூடமாக அது இருக்கட்டும். ஒரு நாள் பஜனைக்கும் ஒரு நாள் ஜெபத்துக்கும் ஒரு நாள் தொழுகைக்கும் ஒரு நாள் சங்கக் கூட்டத்துக்கும் ஒரு நாள் புத்தகம் படிப்பதற்கும் முறை வைத்துக்கொள்ளலாம். என்ன பேசுகிறார்கள் என்று வார்டன் வாசலில் நின்று கேட்கலாகாது. ஒரே அறையில் உள்ளவர்களுக்கு மாதத்தில் இரண்டு வாரமேனும் ஒரே நாளில் விடுமுறை விழும்படி ஷிப்ட் அட்டவணை அமைய வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்; கூடம் இருந்தும் கூட நாளில்லையானால் பயனில்லை.

மனுவைத் தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, எல்லாரும் படித்துப் பார்த்தபின் கையெழுத்து வாங்குங்கள். அதைச் சங்கத்துக்கும், கம்பெனி நிர்வாகத்துக்கும், சிப்காட் அதிகாரிகளுக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் கொடுக்க வேண்டும். காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். ஏ ஷிப்ட்டில் இருப்பவர்களால் போக முடியாது. அந்த நாளில் வேலையில்லாத ஒருவர் துணைக்கு வேண்டும் என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஸ்ரீபெரும்புதூர்வாசி ஒருவன்